லேடாங் மலையின் செருப்புப் பூ

குனோங் லேடாங் என்றதும் நம்மில் பலருக்கு அந்த இளவரசிதான் நினைவுக்கு வருவாள். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆளனுப்புகிறார். அவளோ ஏழு தட்டு கொசு இதயம் வேண்டும், மலாக்காவிலிருந்து மலையுச்சி வரை தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். கடைசியாக அவருடைய மகனின் ரத்தத்தில் ஒரு கிண்ணம் கேட்கிறாள். வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல் சொன்ன பதில் அது. பள்ளிப் பாடத்திலும் திரைப்படத்திலும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அதே மலைக்குச் சொந்தமான இன்னொரு அழகியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. மரத்தடி நிழலில், மக்கிய சருகுக்குள் வேர் விட்டு, தரையோடு தரையாக வாழ்கிறவள். அவள் பெயர் பாஃபியோபெடிலம் பார்பேட்டம். மலாய்க்காரர்கள் இந்த வகைச் செடிகளை ‘ஆர்கிட் செலிப்பார்’ என்கிறார்கள். நாம் செருப்பு ஆர்கிட் என்று சொல்லிக்கொள்வோம்.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவனுக்குப் பாட்டு விருப்பத்தைவிடக் கேள்விகள்தான் அதிகம் வரும். சில மாதங்களுக்கு முன் சிகாமட்டிலிருந்து ஓர் அம்மா ஒரு படத்தை அனுப்பிவிட்டுக் குரல் பதிவில் கேட்டார்: “ஏன் தம்பி, இந்தச் செடிய போன்ல விக்கிறாங்க. இலையே பூ மாதிரி இருக்கு. காட்டுச் செடின்னு போட்டிருக்கு. வாங்கி வச்சா நம்ம வீட்டுல வருமா?”

இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. அந்தச் செடியின் உடம்பை வேரிலிருந்து பூ வரை ஒருமுறை பார்த்தால்தான் பதில் புரியும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. மாசாயில் நண்பர் ஒருவர், முறையாக அனுமதி பெற்ற பண்ணையில் விதையிலிருந்து வளர்த்த செடியை வாங்கி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பூதக்கண்ணாடியும் கையுமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கீழேயிருந்து தொடங்குவோம்

ஆர்கிட் என்றால் மரத்தில் தொற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் செடிதான் நம் நினைவுக்கு வரும். நம் வீட்டு வாசலில் மட்டையிலும் கரியிலும் கட்டி வைத்திருப்பது அந்த வகை. செருப்பு ஆர்கிட் வேறு குணம். மலைக்காட்டின் தரையிலும், பாசி படிந்த பாறை இடுக்குகளிலும் சேரும் மக்கில் அது வேர் விடுகிறது. வேர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தடிமனாக, பழுப்பு நிறத்தில், பொடிப்பொடியான முடி மூடியிருக்கும். தொட்டால் கம்பளி நூல் போல இருக்கிறது.

பல ஆர்கிட்டுகளுக்கு அடித்தண்டு வெங்காயம் போல உப்பியிருக்கும். மழையில்லாத நாட்களுக்கு அதில் தண்ணீர் சேமித்து வைத்துக்கொள்ளும். இந்தச் செடிக்கு அந்தச் சேமிப்புக் கிடங்கு இல்லை. சதைப்பற்றான இலையும் அந்தச் சில வேர்களும்தான் அதன் கையிருப்பு. அதனால் வேர் அறுந்தால் செடிக்குப் பெரிய நஷ்டம். புது வேரும் சீக்கிரம் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

அடுத்தது இலை. ஒரு கொத்தில் நான்கு முதல் ஆறு இலைகள், இரண்டு பக்கமும் விசிறி போல விரிந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். பூ இல்லாத காலத்திலும் செடியை அடையாளம் காட்டுவது இந்த இலைதான். வெளிர்பச்சைப் பின்னணியில் கரும்பச்சைக் கட்டங்கள், கோணல்மாணலாகப் பின்னிய பாய் போல. கடையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். காட்டுக்குள்ளோ மேலிருந்து பொட்டுப்பொட்டாக விழும் வெயிலும் சருகின் நிழலும் அதே மாதிரிக் கட்டம் போட்டிருக்கும். அருகில் நின்றாலும் கண்ணில் படாது.

ஒரு கொத்து தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடித்ததும் அதன் அடியிலிருந்து புதுக் கொத்து முளைத்து, வளர்ந்து, அதன் முறை வரும்போது அது பூக்கும். அந்தப் பூவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இரண்டு பூ வருவது அரிது.

தாடி வைத்த இதழ்

இலைகளுக்கு நடுவிலிருந்து கருஞ்சிவப்புக் காம்பு ஒன்று எழும். அடிமட்டக்கோல் நீளம்தான் இருக்கும். அதன் மேலும் மெல்லிய முடி. நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் பூ.

பூவின் தலைக்கு மேல் குடை பிடித்தது போல ஓர் அகன்ற இதழ் நிற்கிறது. வெள்ளை நிறம், அடியில் பச்சை, அங்கிருந்து மேல்நோக்கி ஊதாக் கோடுகள். யாரோ அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி அத்தனை ஒழுங்கு. பையின் பின்னால் இன்னொரு சிறிய இதழ் ஒளிந்திருக்கிறது. மற்றப் பூக்களில் தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு புற இதழ்கள் இங்கே ஒன்றாக ஒட்டிப்போய்விட்டன. செருப்பு ஆர்கிட் குடும்பத்தின் முத்திரைகளில் அது ஒன்று.

இடமும் வலமுமாக இரண்டு இதழ்கள் சற்றே கீழ்நோக்கி வளைந்து நீண்டிருக்கும். அவற்றின் மேல் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகு ஒட்டி வைத்தது போலக் கருநிற மருக்கள். ஒவ்வொரு மருவிலும் சில முடிகள். ‘பார்பேட்டம்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் தாடி உடையது என்று பொருள். ‘பாஃபியோபெடிலம்’ என்பதோ கிரேக்கக் காதல் தேவதையின் ஊரான பாஃபோஸையும், காலணி என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டிய பெயர். ஆக, தேவதையின் செருப்புக்குத் தாடி முளைத்திருக்கிறது!

நடுவில் இருப்பதுதான் அந்தச் செருப்பு. மூன்றாவது உள்ளிதழ் குழிந்து, கருஞ்சிவப்புப் பையாக மாறியிருக்கிறது. வெளிப்புறம் மெழுகு பூசியது போல மினுமினுப்பு. பையின் வாய்க்கு மேலே, பிறை வடிவில் சிறிய கேடயம் ஒன்று மூடி போல நிற்கிறது. அது ஒரு மகரந்தத்தாள். ஆனால் மகரந்தம் தராது. பிற ஆர்கிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். இந்தக் குடும்பத்துக்கு இரண்டு. கேடயத்துக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக அவை மறைந்திருக்கின்றன.

உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி

இத்தனை ஏற்பாடும் எதற்கு? ஒரு பூச்சியை ஏமாற்றுவதற்கு.

செருப்பு ஆர்கிட்டுகள் வரும் பூச்சிக்குத் தேன் கொடுப்பதில்லை. நிறத்தையும் பொட்டையும் நம்பி வரும் பூச்சி, கேடயத்தில் உட்காரப் பார்த்து வழுக்கிப் பைக்குள் விழுகிறது. வாய்ப்பகுதியின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து வழவழப்பாக இருப்பதால் வந்த வழியே ஏற முடியாது. பின்சுவரில் மட்டும் முடிகள் ஏணிப்படி போல வரிசையாக இருக்கின்றன. பூச்சி அதைப் பிடித்து ஏறுகிறது. அந்தப் பாதை முதலில் சூல்முடிக்கு அடியில் போகிறது. பிறகு குறுகலான துவாரம். அதையொட்டி மகரந்தத்தாள். நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வரும்போது பசை போன்ற மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதே பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்தால், முதுகில் உள்ள மகரந்தம் அங்குள்ள சூல்முடியில் பதியும். சூல்முடி முதலில், மகரந்தம் பிறகு என்று பாதை அமைந்திருப்பதால் தன் மகரந்தம் தனக்கே சேரும் வாய்ப்பு குறைவு.

சபாவின் கினபாலு மலையில் வளரும் இதன் உறவுக்காரச் செடி ஒன்றை 1980களில் ஆராய்ந்தார்கள். தேனீயைப் போல வேடமிட்ட ஒரு வகை ஈ அதைத் தேடி வருவது தெரிந்தது. அந்த ஈயின் குஞ்சுகளுக்கு அசுவினிப் பூச்சிதான் சாப்பாடு. பூவில் இருக்கும் மரு போன்ற புள்ளிகளை அசுவினிக் கூட்டம் என்று நம்பி, முட்டையிட வந்து மாட்டிக்கொள்கிறது.

சார்ல்ஸ் டார்வினையே இந்தப் பை ஒரு முறை ஏமாற்றியது. ஆர்கிட்டுகளைப் பற்றி 1862-இல் வெளியிட்ட நூலில், பூச்சி வெளியே நின்றுகொண்டே சிறு துவாரத்தின் வழியாக உறிஞ்சுகுழாயை நீட்டும் என்று கருதினார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, பூச்சி பைக்குள்ளேயே இறங்கிப் பின்வழியாக வெளியேற வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். டார்வின் ஒரு சின்னத் தேனீயைப் பிடித்து, வட அமெரிக்கச் செருப்பு ஆர்கிட் ஒன்றின் பைக்குள் விட்டுப் பார்த்தார். அது முதுகு நிறைய மகரந்தத்தோடு அந்தச் சிறு துவாரம் வழியாக வெளியே வந்தது. தன் கருத்தை அவர் மாற்றிக்கொண்டார்.

சரியான பூச்சி, சரியான அளவில், இரண்டு தடவை ஏமாற வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். காய்க்குள் ஆயிரக்கணக்கில் விதைகள் இருந்தாலும் அவை தூசி போன்றவை. நெல்லுக்குள் இருப்பது போல முளைக்குச் சாப்பாடு எதுவும் அவற்றில் இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை கிடைத்து, அது ஊட்டினால்தான் முளைக்கும். கிடைக்காத விதை காற்றோடு போனதுதான். முளைத்த செடியும் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

லேடாங்கிலிருந்து இலண்டனுக்கு

1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங்கை வெள்ளைக்காரர்கள் மவுண்ட் ஓஃபீர் என்று அழைத்தார்கள். 1840 வாக்கில், சிப்பி சேகரிப்பதில் பேர்பெற்ற ஹியூ கம்மிங் என்ற ஆங்கிலேயர் இந்த மலையில் நம் செருப்பு ஆர்கிட்டைக் கண்டார். உயிருள்ள செடிகள் கப்பலேறி, இலண்டன் ஹேக்னியில் இருந்த லோடிஜஸ் என்ற புகழ்பெற்ற நாற்றுப் பண்ணைக்குப் போயின. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1841-இல் அதற்குப் பெயர் சூட்டினார்.

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854-இல் இதே மலை ஏறினார். பாடாங் பத்து என்ற பாறைச் சரிவில் தாகம் தாங்காமல், கெண்டிச் செடியின் குடுவையில் பூச்சி மிதந்த தண்ணீரைக் குடித்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாறையும் கெண்டிச் செடியும் இன்றும் மலையேறுகிறவர்களுக்குப் பரிச்சயமானவை.

கம்மிங் அனுப்பிய செடி இங்கிலாந்தில் இன்னொரு சரித்திரம் படைத்தது. வீச் என்ற நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த ஜான் டொமினி, பார்பேட்டத்தையும் பர்மாவிலிருந்து போன வில்லோசம் என்ற இனத்தையும் சேர்த்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். அது 1869-இல் பூத்தது. மனிதன் உண்டாக்கிய முதல் செருப்பு ஆர்கிட் கலப்பினம் அதுதான். ‘ஹாரிஸியானம்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கலப்பினங்கள் வந்துவிட்டன. பூச்செடிக் கண்காட்சிகளில் பரிசு வாங்கும் அந்தப் பெரிய குடும்பத்தின் முதல் பிள்ளைக்கு, தங்காக் பக்கத்து மலையில் கிடைத்த இனம்தான் ஒரு பெற்றோர்.

பெருமைதான். ஆனால் பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்களின் ஆர்கிட் மோகத்துக்குக் காடுகளிலிருந்து செடிகள் மூட்டை மூட்டையாகப் போயின. வழியிலேயே செத்தவை ஏராளம்.

பொதிகையில் நடந்தது

இது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் முன்னோர் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அகத்தியர் வாழ்ந்ததாக நம்பப்படும் பொதிகை மலைத்தொடரில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்தில், தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே செருப்பு ஆர்கிட் வளர்கிறது. மஞ்சள் பூ, நடுவில் கரும்பழுப்புக் கோடு. ஹீபர் ட்ரூரி என்ற இராணுவ அதிகாரி 1865-இல் அதைக் கண்டார். அவர் பெயரிலேயே பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்று வழங்குகிறது.

உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி என்றதும் சேகரிப்பவர்கள் அந்த மலையை விட்டுவைக்கவில்லை. பிடுங்கிப் பிடுங்கி ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார்கள். இன்று அது மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் இருக்கிறது. பண்ணைகளில் பிள்ளை பிள்ளையாக வளர்கிறது. சொந்த மலையில்தான் அதற்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

லேடாங் செடிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. தீபகற்ப மலேசியாவின் வேறு சில மலைகளிலும் தாய்லாந்திலும் அது வளர்கிறது. ஆனால் அதன் உடம்பு சொல்லும் கணக்கு மாறாது. ஒரு கொத்துக்கு ஒரு பூ, எப்போதாவது ஒரு காய், பூஞ்சை தயவில் ஒரு முளை, பூக்கச் சில ஆண்டுகள். ஒரு நாளில் ஒருவர் பையில் அள்ளிப் போவதை மலை திருப்பிச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

வாங்கலாமா, கூடாதா?

உலகத்தில் உள்ள எல்லா பாஃபியோபெடிலம் இனங்களும் 1990 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலியும் ஒராங் ஊத்தானும் இருக்கும் அதே பட்டியல். காட்டில் எடுத்ததை நாடு கடத்தி விற்க முடியாது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபச் சட்டம் இதைக் கண்காணிக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் இருந்து செடியைப் பிடுங்கி வருவதும் குற்றம்தான்.

சிகாமட் அம்மாவுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: “காட்டுச் செடின்னு போட்டு விக்கிறத வாங்காதீங்கம்மா. சட்டம் ஒரு பக்கம். வேரறுந்து வர்ற செடி நம்ம ஊரு சூட்டுல பிழைக்கிறதும் கஷ்டம்.” விற்கிறவர் வாயால் சொல்லாவிட்டாலும் செடி சொல்லிவிடும் என்று அடையாளங்களையும் எழுதி அனுப்பினேன்.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியின் இலைகளில் பூச்சி கடித்த ஓட்டையும், பழைய தழும்பும், பாசித் திட்டும் இருக்கும். வேர்கள் பாதியில் அறுந்திருக்கும். அதில் காட்டு மண்ணும் சருகும் ஒட்டியிருக்கும். தொட்டியில் இல்லாமல் நாளிதழில் சுற்றியோ கட்டாகக் கட்டியோ வரும். ஒரே கட்டில் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். பண்ணையில் வளர்ந்ததோ தொட்டிக்குள்ளேயே வேர் சுற்றி, ஒரே அளவாக, கீறல் இல்லாத இலைகளோடு, பெயர்ச்சீட்டுடன் இருக்கும். விதை எங்கே, எப்போது போட்டது என்று கேட்டால் பண்ணைக்காரர் தயங்காமல் சொல்வார்.

தரையில் வளரும் ஆர்கிட்தான் வேண்டும் என்றால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்ற ஊதாப் பூ ஆர்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். மடித்து இஸ்திரி போட்டது போல நீள இலை. தென்னங்கன்று இலையை நினைவூட்டும். நெடுஞ்சாலை ஓர மண்சரிவில் தானாகவே முளைத்து நிற்கும் செடி அது. எந்த நாற்றுக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். வெயிலுக்கும் அஞ்சாது, வருடம் முழுக்கப் பூக்கும். பிள்ளைகளுக்கு ஆர்கிட்டின் உறுப்புகளைக் காட்டிக் கொடுக்கவும் அதுவே போதும்.

தங்காக்குக்குத் துணி எடுக்கப் போகிற குடும்பங்கள் பல. அங்கிருந்து சிகாமட் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சாகில், லேடாங்கின் அடிவாரம். அருவியோடு திரும்பாமல் மலையேறப் போகிறவர்கள் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். சருகுக்குள் இருக்கும் ஒரு நாற்றின் மேல் கால் பட்டால் அதோடு பல வருட வளர்ச்சி போய்விடும்.

கட்டம் போட்ட இலை எதாவது கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். குடை இதழில் கோடுகளை எண்ணுங்கள், மேல் விளிம்பில் மருவைத் தேடுங்கள், பையின் பின்னால் அந்தச் சிறு துவாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படமும் எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் கைப்பேசியில் இடத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். எந்தப் பாதை, எத்தனையாவது வளைவு என்று படத்தின் கீழ் எழுதாதீர்கள். செடி பிடுங்குகிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.